இழை: பெற்றோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும் – பற்றும் முறைக்கு இரண்டு சொல் தேவை

கல்லடி, மோட்டார் வகுப்பு ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போக வேண்டும், அதனால் அவசரம்.

எங்கள் பொடியன்மார் இங்கே கைவைத்துப் பழகுவது ஹைலக்ஸ், எல்200 மாதிரி டீசல் கெப்களில். கட்டாருக்கோ சவுதிக்கோ போனால் பெற்றோலில் ஓடும் எஃப்-250, சில்வராடோ 2500 மாதிரி பெரிய அமெரிக்க கெப்கள் வந்து நிற்கும். "பாரம் இழுக்கிறதெண்டா டீசல்தானே சேர்?" என்று கேட்கிறார்கள். பாதிதான் சரி. எஃப்-250 சேர்ந்த ஃபோர்ட் சூப்பர் டியூட்டி வரிசையின் 7.3 லீற்றர் பெற்றோல் வி8 எஞ்சினுக்கு 430 குதிரைவலு, 6.7 லீற்றர் டீசலுக்கு 475. வலுவில் பெரிய இடைவெளி இல்லை. முறுக்கத்தில், அதாவது எஞ்சின் தண்டைத் திருப்பும் விசையில்தான் விளையாட்டு: பெற்றோல் சுமார் 657 நியூற்றன் மீற்றர், டீசல் 1,424. மலையேற்றத்தில் டிரெய்லர் இழுப்பவனுக்கு அது பெரிய விசயம். ஆனால் டீசலுக்கு விலை கூட, புகையைச் சுத்தமாக்க யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும், கொஞ்சத் தூரம் ஓடி ஓடி நிறுத்தினால் புகைவடியில், அதாவது புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டியில், கரி அடைக்கும். நாள்தோறும் பாரம் இழுக்காதவனுக்குப் பெற்றோலே போதும்.

இதையெல்லாம் எழுதிவிட்டேன். ஒன்று தீப்பொறியால் பற்றுகிறது, மற்றது காற்றை நெருக்கிய சூட்டில் தானாகவே பற்றுகிறது. இந்த இரண்டு வகைக்கும் பெயர் வேண்டும். "பொறிப்பற்றல் எஞ்சின்", "தன்பற்றல் எஞ்சின்" என்று போடலாமா?

சம்மாந்துறை:

மாஸ்டர், தன்பற்று என்றால் சுயநலம் இல்லையா? கணக்கியல் படித்த பிள்ளைக்குப் பற்று என்றால் வரவின் எதிர்ப்பக்கம். பொறி அதைவிட மோசம். தீப்பொறியும் பொறி, எந்திரமும் பொறி, எலி பிடிப்பதும் பொறி. எஞ்சினையும் தமிழாக்க யாராவது கிளம்பினால் "பொறிப்பற்றல் பொறி" என்று வந்து நிற்கும்.

காரைதீவு:

தம்பி, பொறிக்கு ஐம்பொறியை விட்டுவிட்டீர். பொறித்தல் வழியாக அடையாளம், எழுத்து என்றும் பொருள் விரியும். சுடுபட்ட இடத்தில் விழும் தடம்தான் இவை எல்லாவற்றுக்கும் வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. டகரம் மொழிமுதல் வராது. டீசலைத் தீசல் என்று எழுதுங்கள். தீ என்பதும் உள்ளே கிடக்கிறது, தீய்ந்த வாசமும் வருகிறது. 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய தமிழறிஞர் விபுலானந்த அடிகள் எங்கள் ஊர்க்காரர். அவர் பிறந்த 1892இலேதான் ருடோல்ஃப் டீசலும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இது தற்செயலா?

சம்மாந்துறை:

தற்செயல்தான் ஐயா.

சென்னை:

நண்பர்களே, எங்கள் பக்கம் அழுத்தம் என்போம். "அழுத்தப் பற்றவைப்பு எந்திரம்" என்றால் எல்லோருக்கும் புரியும். முறுக்கத்தை முறுக்குவிசை என்றும், வலுவைத் திறன் என்றும் மாற்றிவிட்டால் இரு நாட்டுக்கும் பொதுவாகிவிடும்.

கல்லடி:

அண்ணன், கோபிக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்குத் திறன் என்றதும் வினைத்திறன் (கொடுத்த சக்தியில் எவ்வளவு பயன்படுகிறது என்பது) ஞாபகம் வரும். வலுவையும் வினைத்திறனையும் குழப்பினால் பாடமே போய்விடும். அழுத்தத்துக்கு நாங்கள் சொல்வது அமுக்கம். ஆனால் இங்கே நடப்பது அமுக்கம் இல்லை, நெருக்கல். ஒலியலைப் பாடத்தில் நெருக்கல், ஐதாக்கல் என்று ஏற்கெனவே படித்தவர்கள். அந்தச் சொல்லையே எடுத்தால் புதிதாக எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

அக்கரைப்பற்று, கராஜ்:

நான் பெரிய படிப்பாளி இல்லை. கராஜில் வேலை பழக வரும் பொடியனுக்கு நான் சைக்கிள் பம்பைக் கொடுப்பேன். வாயை விரலால் பொத்திக்கொண்டு நாலைந்து தரம் வேகமாக அடிக்கச் சொன்னால் அடிப்பக்கம் சுடும். மறுகா சொல்வேன், டீசலில் காற்று மட்டும்தான் உள்ளே போகுது, பதினைந்து இருபது மடங்கு நெருங்குது, அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் டீசலைப் பீச்சின உடனே பற்றுது. பெற்றோலில் பத்து மடங்கு அளவுதான், அதனால் பிளக் பொறி அடிக்க வேணும். டீசலில் இருக்கிற ஹீற்றர் பிளக் பொறி அடிக்காது, குளிரில் சூடு காட்ட மட்டும். இதைச் சொல்லாமல் பெயரை மட்டும் வைத்தால், பொடியன் டீசல் எஞ்சினிலும் பிளக்கைத் தேடுவான். "நெருக்கிப் பற்றுற எஞ்சின்" என்றே போடுங்கள்.

காரைதீவு:

நெருக்குபற்றல் என்று சுருக்கலாம். வினைத்தொகை, சுடுசோறு போல. வல்லினம் மிகாது.

சம்மாந்துறை:

நெருக்கு என்பதை முதனிலைத் தொழிற்பெயராக, அதாவது நெருக்கல் என்ற பொருளில் பெயராகக் கொண்டால், க்கு என்று முடியும் வன்றொடர்க் குற்றியலுகரம், வல்லினம் மிகும். நெருக்குப்பற்றல். பொறிப்பற்றலில் ஒற்று இருக்கும்போது இதில் மட்டும் ஏன் விட வேண்டும்?

சென்னை:

பற்றல் என்றாலே பிடித்துக்கொள்ளல் என்றுதான் எனக்குப் படுகிறது. எரிபற்றல் என்றாவது போடுங்கள்.

சம்மாந்துறை:

எங்கட பக்கம் அடுப்புப் பற்றும், பீடி பற்றும். அதற்கு முன்னால் ஓர் எரி தேவையில்லை.

கல்லடி:

வியாழன் இரவாகிவிட்டது. மூவர் நெருக்குப்பற்றல் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள், இருவர் தனிமடலில் "எதையாவது போடுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள், அவர்களையும் அதே பக்கம் சேர்த்துவிட்டேன். பொறிப்பற்றல் எஞ்சின், நெருக்குப்பற்றல் எஞ்சின். முதல் தடவை வரும் இடத்தில் பெற்றோல் எஞ்சின், டீசல் எஞ்சின் என்றும் பக்கத்திலேயே இருக்கும். கராஜ் அண்ணனின் சைக்கிள் பம்ப் செய்முறையைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கிறேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

காரைதீவு:

ஒற்று மிகுந்தது பிழை என்றே இன்னும் சொல்கிறேன். தீசலுக்கு ஓர் அடிக்குறிப்பாவது கொடுத்திருக்கலாம். அடுத்த பதிப்புக்கு முன் யூரியாக் கரைசலுக்கும் ஒரு நல்ல சொல் பார்க்க வேண்டும். உவர்நீர் என்பது என் முன்மொழிவு.

சம்மாந்துறை:

ஐயா, உவர்நீர் என்றால் பொடியன் வாவியில் அள்ளி ஊற்றிவிடுவான்.