பென்சிலை அழித்தால் மைக்கோடும் வெளிறுகிறது

கேள்வி:
வணக்கம். திருநெல்வேலி அருகிலுள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பென்சிலில் வரைந்து, அதன் மேல் பேனாவால் கோடிடுகிறேன். பென்சிலை அழித்ததும் கறுப்பு மை சாம்பல் நிறமாக வெளிறுகிறது; அணிகலன்களின் நுண்கோடுகள் சில இடங்களில் இழுபட்டும் விடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1:
தம்பி, பென்சில் படிவு அடர்த்தியாக இருந்தால் மை தாளின் இழைக்குள் இறங்காமல் அதன் மேலேயே தங்கி, அழிக்கும்போது அதனுடன் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். ஆகவே வெளிறிய கோடு தரும் 2எச் எனும் கடினவகைப் பென்சிலால், தாளில் பள்ளம் விழாதபடி மெல்ல வரையுங்கள். பேனாவைத் தொடுமுன் பிசைந்து பயன்படுத்தும் ரப்பரைக் கோடுகளின் மேல் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, அவை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மங்கச் செய்யுங்கள்.

பதில் 2:
அண்ணாச்சி சொல்வது சரி. இழுபடுவதற்குக் காரணம் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்துக் காற்றில் மை உலரத் தாமதமாகும் என்பதால், மறுநாள் அழிப்பதே நல்லது. நீரில் கரையாத நிறமி மையே இதற்கு ஏற்றது. இன்னொன்று: உடலின் அளவையும் வளைவையும் மட்டும் பென்சிலில் குறித்துக்கொண்டு, அணிகலன்களை நேரடியாகப் பேனாவால் வரைந்தால் அழிக்க வேண்டியதே குறைவு, கோட்டிலும் உயிர் இருக்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வீரபத்திரர் சிற்பத்தை இம்முறைப்படி வரைந்து பதிவிடுகிறேன்.