ஸ்பவுஸ் ஸ்பொன்சர் இழுபட்டுக்கொண்டே போகுது, மனிசியை எப்பிடித் தேத்துறது?

வடமராட்சியான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன், பிஆர் (நிரந்தர வதிவிடம்). கலியாணம் யாழ்ப்பாணத்தில நடந்தது, திரும்பி வந்த கையோட மனிசியை இங்க கூப்பிட ஸ்பொன்சர் போட்டாச்சு. பயோமெட்ரிக்ஸ், மெடிக்கல் எல்லாம் முடிஞ்சு கன காலம், ஃபைலின்ர நிலையைக் காட்டுற ஒன்லைன் ட்ராக்கரில பாக்ரவுண்ட் செக் 'இன் ப்ரோக்ரஸ்' எண்டு அப்பிடியே நிக்குது. எனக்குப் பிறகு போட்ட ஒரு பெடியன்ர மனிசி வந்து இறங்கி வேலைக்கும் போறா. நான் எப்பிடியும் சமாளிப்பன், அவவுக்குத்தான் ஏலாமல் கிடக்கு. நல்லூருக்குப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும் "பிள்ளை இன்னும் விசா வரேல்லையோ" எண்டுதான் முதல் கேள்வி, இப்ப ஒரு இடமும் போறேல்லை. வின்டரில பத்தரை மணித்தியாலம் வித்தியாசம், நான் வேலையால வர அங்க விடியப்புறம் மூண்டரை, அலாம் வச்சு எழும்பி இருப்பா, எடுத்த உடன "மெயில் ஏதும் வந்ததோ" எண்டுவா, நான் இல்லை எண்ட பிறகு ரெண்டு பேருக்கும் கதை வராது. வேலையை விட்டிட்டு அங்க போய் இருப்பமோ எண்டும் யோசிக்கிறன். ஆருக்கும் அனுபவம் இருந்தால் சொல்லுங்கோ.

மார்க்கம் அக்கா:
தம்பி, வேலையை விட்டிட்டுப் போற யோசனையை முதல்ல விடுங்கோ. சிட்டிசன் எண்டால் கதை வேற, பிஆர்காரர் கனடாவில குடியிருந்துதான் ஸ்பொன்சர் பண்ணலாம், அங்க போய் இருந்திட்டியள் எண்டால் ஃபைலுக்கே ஆபத்து. லீவு எடுத்துப் போய் நிண்டிட்டு வாங்கோ, அந்த டிக்கெட்டையும் படங்களையும் இமிக்ரேசன்ர வெப்ஃபோமில அனுப்பிவிடுங்கோ.

நானும் உங்கட மனிசி மாதிரி ஊரில காத்திருந்தவள்தான். என்னை ஆகக் கூடக் களைக்க வச்சது அந்த மெயில் கதை. பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃபைலைப் பற்றிக் கதைக்கிறது எண்டு முடிவெடுத்தம், ட்ராக்கர் பாக்கிறது என்ர மனுசன்ர வேலை, ஏதும் மாறினால் அவரே சொல்லுவார். நான் பக்கத்து முன்பள்ளியில படிப்பிக்கப் போனன், பின்னேரம் அவருக்குச் சொல்ல பிள்ளையளின்ர கதை இருந்தது. உங்கட மனிசியையும் ஏதாவது ஒண்டைத் தொடங்கச் சொல்லுங்கோ, "விசா வந்தால் விட்டிட்டுப் போகோணுமே" எண்டு யோசிக்க வேண்டாம், விட்டிட்டுப் போறது நல்ல விசயம்தானே.

பிரம்டன் குமார்:
அக்கா சொன்னது சரி. அதோட ஜிசிஎம்எஸ் நோட்ஸ், அதாவது இமிக்ரேசன்காரர் உங்கட ஃபைலில எழுதி வச்ச குறிப்புகள், எடுத்துப் பாருங்கோ. 5 டொலர்தான், மனிசியிட்ட ஐஎம்எம் 5744 எண்ட சம்மத ஃபோமில சைன் வாங்கினால் நீங்களே போடலாம். சட்டப்படி 30 நாள், சிலவேளை கூட எடுக்கும். ட்ராக்கரில தெரியாதது அதில தெரியும், எலிஜிபிலிட்டி (தகுதி) பாஸோ, செக்யூரிட்டி செக் தொடங்கினதோ இல்லையோ எண்டு தனித்தனியா இருக்கும். அந்தப் பேப்பரோட உங்கட ஏரியா எம்பி ஒபிசுக்குப் போங்கோ, அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. எம்பியால முடிவை மாத்த ஏலாது, ஆனால் எங்க நிக்குது எண்டு கேட்டுச் சொல்லுவினம்.

ஈழத்துச்சுடர்:
எம்பி ஒபிஸ் தாற பதில் பாதி நேரம் 'ப்ரோசசிங்கில இருக்கு' எண்ட ஒரு வரிதான். நோட்ஸில மாசக்கணக்கா ஒருத்தரும் தொடேல்லை எண்டு தெரிஞ்சால் லோயரைப் பிடிச்சு ஃபெடரல் கோர்ட்டில மாண்டேமஸ் எண்ட வழக்குப் போடுங்கோ. கோர்ட் விசா குடு எண்டு சொல்லாது, முடிவைச் சொல்லு எண்டுதான் சொல்லும்.

பிரம்டன் குமார்:
அதுக்கு ஆயிரக்கணக்கில காசு முடியும். முதல் நோட்ஸ் வரட்டும், இப்பவே ஆளைப் பயப்படுத்தாதேங்கோ.

மார்க்கம் அக்கா:
இன்னொண்டு, இது முக்கியம். இடையில போய் வந்து மனிசி பிள்ளைத்தாச்சியானால் மறைக்காமல் உடன அறிவியுங்கோ. இறங்க முதல் பிறந்த பிள்ளையை ஃபைலில காட்டாமல் விட்டால் பிறகு அந்தப் பிள்ளையை ஸ்பொன்சர் பண்ணிறது பெரிய பாடாய்ப் போயிடும்.

வடமராட்சியான்:
நன்றி அக்கா, நன்றி அண்ணை. நோட்ஸுக்கு இண்டைக்கே போடுறன், ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவவிட்டச் சொன்னன், "அப்ப மற்ற நாளில என்ன கதைக்கிறது" எண்டு கேட்டுச் சிரிச்சவ, கன நாளைக்குப் பிறகு. இன்னொரு கேள்வி, மெடிக்கல் செய்து 12 மாதம் தாண்டிட்டுது, நாங்களாப் போய்த் திரும்ப எடுக்கவோ?

பிரம்டன் குமார்:
வேண்டாம். தேவையெண்டால் திரும்ப எடுக்கச் சொல்லி அவையே கடிதம் அனுப்புவினம், அது வந்த பிறகு கொழும்புக்குப் போனால் காணும். மனிசியின்ர பாஸ்போட் எப்ப முடியுது எண்டதை மட்டும் இப்பவே பாத்து வையுங்கோ.