மேடு பள்ளத்துக்கு எந்த டயர்? (ஃபீல்டர், ரங்கூன் – முடோன் ஓட்டம்)

முடோன் மாப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2010 டொயோட்டா ஃபீல்டர் கார் இருக்கிறது, வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. முன்னால் வைத்திருந்தவர் அழகுக்காகப் பதினாறு இஞ்ச் அலாய் ரிம் மாட்டிவிட்டார், டயர் 205/55 ஆர் 16. ரங்கூனுக்குள் ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. மாமியார் வீடு மோல்மேனுக்குத் தெற்கே, முடோனுக்கு உள்ளே, ரப்பர் தோட்டத்துப் பக்கம். மாதத்தில் ஒரு தடவையாவது போயாக வேண்டும். பெகு தாண்டினதும் குலுக்கல் ஆரம்பித்துவிடுகிறது, மழைக்காலத்தில் எது குட்டை எது குழி என்றே தெரியாது, தோட்டத்துக்குள் கடைசி மூன்று மைல் செம்மண்ணும் சரளையும்தான்.

போன வாரம் முன்பக்க இடது டயரில், பக்கவாட்டில், கோழி முட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. ஆறு மாதத்துக்கு முன்னாலும் இதே இடது பக்கம், இதே மாதிரி புடைத்து ஒரு டயர் மாற்றினேன். போதாததற்கு மாமியாருக்கு இடுப்பு வலி. பின் சீட்டில் உட்கார்ந்து கொண்டு, "மாப்பிள்ளை, இதுக்கு மாட்டு வண்டியே தேவலாம்" என்கிறார்.

மூன்று கடையில் கேட்டேன், மூன்று பதில் வந்தது. முதல் கடைக்காரர் ஏ/டி (காடு மேடு எல்லாவற்றுக்குமான முரட்டு) டயர் போடு, கல்லுக்கும் முள்ளுக்கும் அசையாது என்றார். அடுத்தவர் ஜப்பான் செகண்ட் ஹேண்ட் எடு, ரப்பர் மெத்தென்று இருக்கும் என்றார். மூன்றாமவர் புடைப்பு ஒன்றும் செய்யாது, டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுவிட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டு என்றார். பின்பக்கம் இரண்டிலும் பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டைகள்) நன்றாகவே இருக்கிறது, அதனால் முன் இரண்டு மட்டும் வாங்கினால் போதும் என்று நினைக்கிறேன். டாலர் ஏறுகிற வேகத்தில் ஒரு தடவை தப்பாக வாங்கிவிட்டால் மறுபடி வாங்க என்னால் முடியாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய டாக்ஸிக்காரன்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் புடைத்த டயரைக் கழற்றி ஓரமாக வை. பின்னால் போடச் சொன்ன கடைக்காரர் தன் வண்டியில் போட்டு ஓட்டட்டும். குழியின் விளிம்பில் டக்கென்று இடிக்கும்போது டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்குகிறது, உள்ளே இருக்கிற நூல் அறுந்து போகிறது, அறுந்த இடத்தைக் காற்று வெளியே தள்ளுகிறது. நீ பார்க்கிற முட்டை அதுதான். அதற்கு ஒட்டு கிடையாது, பற்றவைப்பு கிடையாது. எந்த மைலில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஸ்பேராகக்கூட வைத்துக்கொள்ளாதே.

ஏன் அடிக்கடி புடைக்கிறது என்று பார். 205/55 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது 113 மில்லிமீட்டர் கிட்ட. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஜப்பான் எழுத்துதான், ஆனால் எண்ணைப் படிக்கலாம். அதில் 195/65 ஆர் 15 என்று இருந்தால் அதன் பக்கச்சுவர் 127 மில்லிமீட்டர் கிட்ட. பதினான்கு மில்லிமீட்டர் கூடுதல் ரப்பர், கூடுதல் காற்று. விரல் அகலம்தானே என்று நினைக்காதே, குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவதும் இடுப்பைக் காப்பாற்றுவதும் அந்த விரல் அகலம்தான். மொத்த உயரத்தில் இரண்டுக்கும் மூன்று மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது, அதனால் ஸ்பீடு மீட்டர் பொய் சொல்லாது, சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டர் தகட்டில் உரசாது.

அலாயை விற்றுவிடு, நல்ல விலை போகும், பையன்கள் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். அந்தக் காசில் பதினைந்து இஞ்ச் இரும்பு ரிம் நாலு பழையதாகப் பார்த்து வாங்கு. இரும்பு ரிம் வளைந்தால் பெரும்பாலும் தட்டி எடுத்துவிடலாம், அலாய் விரிசல் விட்டால் வேலை முடிந்தது. நட்டு ஓட்டை எண்ணிக்கை, ஓட்டைக்கு ஓட்டை உள்ள தூரம், நடு ஓட்டை எல்லாம் உன் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடு.

இடது பக்கமே போகிறது என்றாயே, நம் பர்மாவில் அது ஆச்சரியமில்லை. 1970-இல் ரோட்டை வலதுபக்கம் மாற்றினார்கள், ஜப்பான் வண்டிக்கு ஸ்டீயரிங்கும் வலதுபக்கம். ஆக நாம் ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறோம், இடது சக்கரம் ரோட்டின் நடுப்பக்கம் எந்தக் குழியில் இறங்குகிறது என்பது பாதி நேரம் யூகம்தான்.

ஹைலக்ஸ் மோல்மேன்:

எனக்கு ஏ/டி-யில் ஒரு குறையும் இல்லை. நாலு வருடமாகத் தம்பூசயாட் பக்கம் தோட்டத்துக்குள் ஓட்டுகிறேன், ஒரு பஞ்சர்கூடக் கிடையாது. மண் ரோட்டில் காற்றைக் குறைத்தால் மெத்தை மாதிரி போகும். கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை என்பது என் கருத்து.

பழைய டாக்ஸிக்காரன்:

அண்ணே, உங்களுடையது ஹைலக்ஸ் பிக்கப், லாரிக்குத் தம்பி, அது தாங்கும். ஃபீல்டர் மாதிரிச் சின்ன வண்டியில் ஏ/டி போட்டால் டயர் கனம் கூடும், ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் கூடினால் குலுக்கலும் கூடும். பட்டன் பெரிசு, தார் ரோட்டில் ஊளைச் சத்தம், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். ஐந்து மணி நேரத் தார் ரோட்டைக் கடைசி மூன்று மைலுக்காகக் கெடுத்துக்கொள்வதா?

காற்றைக் குறைக்கிற விஷயத்தில் நான் சண்டை போடவே தயார். சேற்றில் மாட்டிக்கொண்டால், மணலில் இறங்கினால், நடக்கிற வேகத்தில் போகிறவரை சரி. குறைத்த காற்றோடு அப்படியே பெரிய ரோட்டில் ஏறினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி உள்ளே சூடேறுகிறது. மாண்டலே எக்ஸ்பிரஸ் ரோடு 2009-இல் நேப்பிடா வரை திறந்தபோதிலிருந்து ஓட்டியிருக்கிறேன், கான்கிரீட் போட்ட ரோடு, 366 மைல். சித்திரை வெயிலில் மெய்க்டிலா பக்கம் நாற்பது டிகிரிக்கு மேல். ஓரத்தில் டயர் கிழிந்து நிற்கிற வண்டியை எண்ணிக்கொண்டே போகலாம், இறங்கிக் கேட்டால் பாதிப் பேருக்குக் கடைசியாக எப்போது காற்று பார்த்தோம் என்றே நினைவிருக்காது.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது, உங்கள் சொந்த கேஜில் பாருங்கள். ரோட்டோரக் காற்றுக் கடையில் பழைய டயரில் வெள்ளைப் பெயின்ட் அடித்துத் தொங்கவிட்டிருப்பானே, அவன் கேஜ் என் தாத்தா காலத்தது. ஸ்டிக்கரில் 230 கிலோபாஸ்கல் என்றிருந்தால் 33 பவுண்டு. ஓடிச் சூடான பிறகு 36, 37 காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன் விற்கிறவர்கள் வந்தால் சிரித்துக்கொண்டே நகருங்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

ஹைலக்ஸ் மோல்மேன்:

சரி சரி, மண் ரோட்டுக்குத்தான் சொன்னேன். கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கிறது, தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிவிடுவேன். அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

தட்டோன் அக்கா:

தம்பி, பின் டயர் இரண்டும் பட்டன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் உதைக்கிறது. நானும் அப்படி நம்பித்தான் ஏமாந்தேன். தெரிந்தவர் மூலம் ஜப்பான் செகண்ட் ஹேண்ட் நாலு வாங்கினோம். கறுப்பாக, பளபளவென்று, பட்டன் விரல் நுழைகிற ஆழம். ஓட்டினால் பஞ்சு மாதிரி. வீட்டுக்காரர் பெருமையாக ஊரெல்லாம் சொன்னார். மூன்றாவது மாதம் சித்தாங் பாலம் தாண்டி வரும்போது பின்னால் தட தடவென்று சத்தம், இறங்கிப் பார்த்தால் ஒரு டயரின் மேல்தோல் பாளம் பாளமாக உரிந்து ஃபெண்டரை அடித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் பின்னால். கும்பிட்ட தெய்வம் காப்பாற்றியது.

அப்புறம்தான் ஒரு சயா (வாத்தியார்) சொல்லிக்கொடுத்தார். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று ஆரம்பிக்கிற வரிசையின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஜப்பானில் விற்ற டயரில் டிஓடி எழுத்து இல்லாமல் எண் மட்டும் இருக்கலாம், தேடிப் பாருங்கள், ஒரு பக்கத்தில்தான் இருக்கும், சில நேரம் உள்பக்கம். எங்களுடையது பன்னிரண்டு வருடப் பழசு! ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கிழடாகிறது. பளபளப்பு பாலீஷ் போட்டது.

இன்னொன்று, அதுதான் முக்கியம். பக்கவாட்டில் ஸ்டட்லெஸ் (STUDLESS) என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பனிக்கட்டி ரோட்டுக்காகச் செய்த டயர் அது. குளிரிலும் இறுகாமல் இருக்க ரப்பரை ரொம்ப மிருதுவாகச் செய்திருப்பார்கள், பட்டனில் மெல்லிசாக நெளி நெளிக் கீறல்கள் நிறைய இருக்கும். ஜப்பானில் குளிர்காலம் முடிந்ததும் கழற்றி வைப்பதை நம் ஆட்கள் கப்பலில் ஏற்றி வந்து "சொகுசு டயர்" என்று விற்கிறார்கள். நம் வெயிலில் அழி ரப்பர் மாதிரி தேயும், மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும். கடைக்காரர் சொன்ன மெத்து மெத்து எல்லாம் இதுதான்.

முடோன் மாப்பிள்ளை:

அக்கா, படித்ததும் செல்போன் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டிலும் ஸ்டட்லெஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எண் 3811. ஒன்றரை வருடம் இதில்தான் குடும்பத்தோடு போய் வந்திருக்கிறேன், வயிற்றைக் கலக்குகிறது. ஸ்டிக்கரில் டாக்ஸி அண்ணன் சொன்ன அதே 195/65 ஆர் 15-தான். அப்படியானால் நாலும் மாற்ற வேண்டும். இப்போதைக்கு இரண்டுக்குத்தான் காசு என்றால் எந்தப் பக்கம் போடுவது?

ஸ்பானர் மாமா:

புது டயர் இரண்டு என்றால் எப்போதும் பின்னால்தான் போட வேண்டும், முன் சக்கரம் இழுக்கிற வண்டியாக இருந்தாலும். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்தால் பிடிமானம் வரும், பின்பக்கம் வழுக்கினால் வண்டி பம்பரம். ஆனால் உன் கதையில் அதற்கு இடமில்லை மாப்பிள்ளை. ரிம் அளவே மாறுகிறது, முன்னால் ஒன்று புடைத்தது, பின்னால் இரண்டும் கிழம். நாலாகவே போடு, இல்லையென்றால் சேரும்வரை மாமியார் வீட்டுக்கு பஸ்ஸில் போ.

காசு கொடுப்பதற்கு முன் வண்டியைத் தூக்கிக் கீழே பார்க்கச் சொல். குலுக்கலுக்கெல்லாம் டயர்தான் காரணம் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஷாக் அப்சார்பர் ஆயில் கக்கியிருக்கும். டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பார், மேடு பள்ளமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கிற கோணம், சரியில்லை. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் அலைன்மென்ட் பார்ப்பதே வீண், புஷ்ஷை மாற்றிவிட்டுப் பார். இதையெல்லாம் விட்டுவிட்டுப் புது டயர் போட்டால் ஆறு மாதத்தில் அதையும் அலை அலையாக்கிக் கொண்டு வருவாய்.

டயரில் 91 என்ற எண்ணுக்குக் குறையாமல் வாங்கு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று அதற்குப் பொருள். பக்கத்தில் உள்ள எழுத்து வேகத்துக்கு, ஆங்கில T போட்டிருந்தால் மணிக்கு 190 கிலோமீட்டர், உனக்கு அதுவே அதிகம். பிராண்டைவிடத் தேதியைப் பார். கடையில் வெயில் படுகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தால் அடுத்த கடைக்குப் போ. வெறும் ஓட்டத்துக்கான அமைதி டயர், டூரிங் வகை என்பார்கள், அதைக் கேள். ஸ்போர்ட்ஸ் வகையில் பக்கச்சுவர் விறைப்பு, உனக்கு வேண்டாம்.

அப்புறம் தேய்மானம். பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், பட்டன் தேய்ந்து அதற்குச் சமமானால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். நம் பக்கம் வைகாசியிலிருந்து ஐப்பசி வரை கொட்டுகிற மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது, நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன். வெளிநாட்டுக்காரர்கள் காசை நிறுத்தி வைத்து அளக்கச் சொல்கிறார்கள், நம் ஊரில் சில்லறைக் காசை யார் கண்டது, தீக்குச்சியில் கோடு போட்டு அளந்துகொள்.

ஹைலக்ஸ் மோல்மேன்:

நம் மோன் நாட்டில் ரப்பர்ப் பால் வடித்து, ஷீட் போட்டு, சீனாவுக்கு அனுப்பி, அங்கிருந்து டயராக வருவதை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறோம். என் தோட்டத்துப் பால் எந்த வண்டியில் ஓடுகிறதோ. சரி, தலைப்புக்குச் சம்பந்தமில்லை.

முடோன் மாப்பிள்ளை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. மாமா சொன்ன மாதிரி தூக்கிப் பார்த்ததில் பின் ஷாக் இரண்டிலும் ஆயில் கசிவு, முன்னால் இடது புஷ் கிழிசல். முதலில் அதைச் செய்தேன். அலாயை விற்ற காசு இரும்பு ரிம்முக்குப் போக மிச்சமும் வந்தது. 195/65 ஆர் 15, நாலும் புதிது, தேதி பார்த்து வாங்கினேன். ஒரு கடையில் புதிது என்று காட்டியது மூன்று வருடப் பழசு, எண்ணைப் படித்துச் சொன்னதும் கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பேலன்சிங், அலைன்மென்ட், 33 பவுண்டு.

நேற்று முடோன் போய் வந்தோம். குழி குழியாகத்தான் இருக்கிறது, ஆனால் இடி இப்போது முதுகுத்தண்டு வரை வருவதில்லை, 'தொப்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. ஸ்டீயரிங் முன்னைவிடக் கொஞ்சம் சோம்பல், வளைவில் வண்டி லேசாகச் சாய்கிற மாதிரி இருக்கிறது, பழகிவிடும். மாமியார் தட்டோன் வரை தூங்கினார். வண்டி அழகு போய்விட்டது என்று மட்டும் மச்சான் வருத்தப்படுகிறான்.

தட்டோன் அக்கா:

அந்த ஸ்டட்லெஸ் இரண்டையும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள் தம்பி. எங்கள் வீட்டில் ஒன்றில் ஊஞ்சல் கட்டியிருக்கிறோம்.