ஓய்வு பெற்ற மருத்துவமனைப் பணியாளர்கள் கூடுவதற்கு ஓர் அமைப்பு: எப்படித் தொடங்குவது?

கேள்வி: தஞ்சைத் தலைமைச் செவிலியர் (ஓய்வு)

அனைவருக்கும் வணக்கம். அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தஞ்சாவூரிலும் திருவையாற்றுப் பக்கத்திலும் என்னைப் போல ஓய்வு பெற்ற செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், மருத்துவமனைப் பணியாளர் என்று கணிசமான பேர் இருக்கிறோம். ஓய்வூதியர் சங்கம் ஒன்று நன்றாகவே இயங்குகிறது. அகவிலைப்படி, காப்பீடு, நிலுவைத் தொகை ஆகியவற்றைப் பற்றி அது பேசுகிறது, பேசத்தான் வேண்டும். ஆனால் தீர்மானத்தைக் கேட்டு, கை தட்டி, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்து போவதற்கு அப்பால் அங்கே யாரும் யாரோடும் பழகுவதில்லை.

பணியில் இருந்த காலத்தில் எங்களுக்கு அக்கம்பக்கம் என்று ஒன்று அமையவே இல்லை. தெருவில் வளைகாப்பு நடக்கும்போது நாங்கள் நைட் டூட்டி முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்போம். தீபாவளி இரவென்றால் தீக்காய வார்டில் நிற்போம். 1992, 2004, 2016 ஆகிய மகாமகங்களின்போது கும்பகோணத்து மருத்துவ முகாம்களில் பணியாற்றியவர்கள் எங்களில் உண்டு. ஆனால் குளக்கரையில் ஒரு நிமிடம் சும்மா நின்று பார்த்தவர் என்று யாரையும் எனக்குத் தெரியாது. இப்போது நேரம் இருக்கிறது, சேர்ந்து செலவிட ஆள் இல்லை.

ஆகவே மாதம் ஒரு முறையாவது கூடும் சிறிய அமைப்பு ஒன்றைத் தொடங்க நினைக்கிறேன். அது சேவை செய்யும் அமைப்பாக இருக்க வேண்டுமா, கூடிப் பேசிச் சிரித்துவிட்டுப் போகும் அமைப்பாக இருந்தால் போதுமா என்பதில் எனக்கே தெளிவில்லை. ஒரு காலத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர் இன்றும் அதே குரலில் அழைக்கிறார், வார்டில் உதவிக்கு நின்ற அம்மாள் இன்றும் அவர் எதிரில் உட்காரத் தயங்குகிறார். இதை எப்படிக் கடப்பது? தவிரவும், ஊசி மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சிஸ்டர், இதைக் கொஞ்சம் போட்டுவிடுங்கள்" என்று வாசலில் வந்து நிற்பவர்கள் இப்போதே குறைவில்லை. அமைப்பு என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கூட்டம் பெருகிவிடுமோ என்றும் அஞ்சுகிறேன். இத்தகைய அமைப்பை நடத்திப் பார்த்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


பதில் 1: மருந்தாளுநர் (ஓய்வு), பாளையங்கோட்டை

சகோதரி அவர்களுக்கு வணக்கம். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளை 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணை பட்டியலிடுகிறது. பெரும்பாலான நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் அதில் அடங்கும். சீட்டு இருந்தாலும், ஒவ்வாமை வந்து நோயாளி மயங்கினால் வீட்டு வாசலில் அட்ரினலினும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை, உதவிக்கு இன்னொரு கையும் இல்லை. எங்கள் குழுவில் இதை முதல் நாளே எழுதி வைத்துவிட்டோம்: இரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லலாம், சீட்டில் எழுதியிருப்பதைப் படித்து விளக்கலாம், மருத்துவமனைக்குத் துணைக்குப் போகலாம், ஊசி, டிரிப், மாத்திரையின் அளவை மாற்றுவது ஆகிய மூன்றுக்கும் யாராயிருந்தாலும் மறுப்புத்தான். தனி ஆளாக மறுத்தால் மனத்தாங்கல் வரும். குழுவின் விதி என்று சொல்லிவிட்டால், கேட்டவரும் அதைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பதிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டாவது கூட்டத்திலேயே யாராவது கேட்பார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் இருந்தாலே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள முடியும். அதன் பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்துவர வேண்டும். உற்சாகத்தில் பதிவு செய்துவிட்டுப் பிறகு இதை மறந்து போகிறவர்கள் ஏராளம். ஒரு சாதாரண நோட்டோடு தொடங்குங்கள். நன்கொடை வாங்குவது, ஆள் பெருகுவது என்ற நிலை வந்ததும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதவிப் படிநிலைக்கு ஒரே மருந்து, பதவியே இல்லாமல் தொடங்குவது. தலைவர், செயலர், பொருளாளர் என்று மூன்று நாற்காலி போட்டால் அவற்றில் பழைய அதிகாரிகளே அமர்வார்கள். பெயரின் அகர வரிசைப்படி மாதம் ஒருவர் கூட்டத்தை நடத்தட்டும். எங்கள் குழுவில் அப்படி முறை வந்தபோது, பிணவறையில் பணியாற்றிய ஒருவர் நடத்திய கூட்டத்தைப் போல ஒழுங்கான கூட்டத்தை அதற்கு முன்பு நாங்கள் கண்டதில்லை. பத்தரை மணிக்குத் தொடங்கும் என்றால் பத்தரைக்குத் தொடங்கியது.

வாட்ஸ்அப் குழு வைத்தால், மருத்துவக் குறிப்புகளை முன்னனுப்பக் கூடாது என்று ஒரு விதி போட்டுவிடுங்கள். பாகற்காய்ச் சாறு சர்க்கரை நோயை வேரோடு அறுக்கும் என்ற செய்தியை எனக்கு அதிகம் அனுப்புகிறவர்கள் நம் துறையில் ஓய்வு பெற்றவர்களே.


பதில் 2: கிராம சுகாதாரச் செவிலியர் (ஓய்வு), புதுக்கோட்டை மாவட்டம்

அக்காவுக்கு வணக்கம். மருத்துவமனையில் இருந்தவர்களுக்கும் எங்களைப் போலத் துணை சுகாதார நிலையத்தில் இருந்தவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உங்களுக்கு ஓய்வுக்குப் பிறகு ஆள் பழக்கம் இல்லை. எங்களுக்கு ஓய்வே இல்லை. ஊரில் நான் இன்றைக்கும் நர்சம்மாதான். பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) எடுப்பதிலிருந்து பேத்தியின் பள்ளிச் சான்றிதழ் வரை எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் முதலில் வருகிறார்கள். ஆகவே எனக்கு வேண்டியிருந்தது, நர்சம்மாவாக இல்லாமல் சில மணி நேரம் இருப்பதற்கு ஓர் இடம்.

நாங்கள் கூடுவது புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை தடுப்பூசி என்று பணிக்காலம் முழுவதும் ஓடிய உடம்பு இது. காலையில் தடுப்பூசிப் பெட்டி வந்து சேர்ந்ததா, ஐஸ் உருகாமல் இருக்கிறதா, எத்தனை குழந்தை விடுபட்டது, மாலையில் மீந்த குப்பிகளைக் கணக்கோடு திருப்பிக் கொடுத்தாயிற்றா என்பதே புதன்கிழமையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு மற்ற நாள்கள் எப்படியோ கழிந்தன. புதன்கிழமை மட்டும் காலையிலேயே சேலை கட்டிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம் என்று எங்கள் வட்டாரத்துச் செவிலியர் பலரும் சொன்னார்கள். அதனால் அந்த நாளையே எடுத்துக்கொண்டோம். முறை வைத்து ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். அந்த வீட்டில் வெறும் தேநீரும் சுண்டலும் மட்டும்தான் தர வேண்டும், சமையல் கூடாது. சமையல் தொடங்கினால் போட்டி தொடங்கும்.

சேவையா, பொழுதுபோக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சை முதலில் வையுங்கள்; சேவை தானாக வரும், வந்தால் சிறியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் வந்த நிக்சய் மித்ரா திட்டத்தின் கீழ் காசநோயாளி ஒருவரின் ஊட்டச்சத்துக்கு நாங்கள் பொறுப்பேற்றோம். நோயாளி சம்மதிக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதமாவது நாம் விடாமல் கொடுக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். நோயாளிக்கு அரசு நேரடியாக வங்கியில் போடும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயாக இருந்தது 1000 ஆகியிருக்கிறது. அதற்கு மேல்தான் இது. பருப்பு, எண்ணெய், நிலக்கடலை, பால் பவுடர் என்று மாதம் ஒரு பை. பையைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவோம். "மாத்திரை போட்டாயா?" என்று அதட்டுகிற பழைய குரல் எங்களில் ஒருவருக்கு வந்துகொண்டே இருந்தது, அதை நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இன்னொன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போது பணியில் இருக்கும் செவிலியரின் வேலையில் தலையிடாதீர்கள், அவருடைய பதிவேட்டை எட்டிப் பார்க்காதீர்கள், "எங்கள் காலத்தில்" என்று தொடங்காதீர்கள். அவருக்கு இருக்கிற இணையப் பதிவு வேலை நமக்கு இருந்ததில்லை.


பதில் 3: தனியார் மருத்துவமனைச் செவிலியர் (ஓய்வு), கோயம்புத்தூர்

மேலே எழுதிய அனைவரும் அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பது தெரிகிறது. தஞ்சாவூரில் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்து நின்றுபோனவர்களும் இருப்பார்கள். அவர்களை எந்தச் சங்கமும் அழைப்பதில்லை. எங்களுக்கு வருவது தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் தொகை. அதன் குறைந்த அளவு 2014இலிருந்து மாதம் ஆயிரம் ரூபாயாகவே நிற்கிறது. அதுவும் சேமநிதி பிடித்தவர்களுக்குத்தான், பலருக்கு அதுகூட இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குழு, மாதச் சந்தா இருநூறு ரூபாய் என்றும், சந்திப்பு ஓர் உணவகத்தில் என்றும் முடிவு செய்தது. பழைய வார்டு ஆயாக்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்குப் பேரன் காய்ச்சல் என்று காரணம் சொன்னார்கள். பணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படிநிலை குரலில் மட்டும் இல்லை சகோதரி, சந்தாத் தொகையிலும் இருக்கிறது. ஓர் உண்டியலை வாசலுக்கு உள்பக்கமாக வையுங்கள். போடுகிறவர் போடட்டும், யார் எவ்வளவு போட்டார் என்று எவரும் பார்க்க வேண்டாம்.


பதில் 4: ஆய்வக நுட்பநர் (ஓய்வு), தற்போது மஞ்சேரி

மகனுடன் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் வசிக்கிறேன். இங்கே கண்டதைச் சொன்னால் உங்கள் முதல் கேள்விக்குப் பயன்படலாம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ் குமாரும் வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைக்கான (தீராத நோயில் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் சிகிச்சைக்கான) சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறத்தில் அந்தந்த ஊர் மக்களே பொறுப்பேற்று நடத்தும் அண்டைவீட்டுப் பின்னலாக அது வளர்ந்தது; 2008இல் மாநில அரசு தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையும் வெளியிட்டது. இந்த வேலையைத் தூக்கி நிறுத்தியவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியரும் உண்டு, ஆட்டோ ஓட்டுநரும் உண்டு.

நான் வண்டியில் போவது பை தூக்குவதற்கும் நோயாளியின் தாளில் எழுதுவதற்கும்தான். ஒரு வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட முதியவர். இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண். எங்களுடன் முதன்முறையாக வந்த ஓய்வு பெற்ற செவிலியர் நேராகப் புண்ணைப் பார்க்கப் போனார், கையுறையைப் போட்டுக்கொண்டு டிரெஸ்ஸிங்கைப் பிரிக்கத் தொடங்கினார். உடன் வந்த தன்னார்வலர், மளிகைக் கடை வைத்திருப்பவர், அவர் மெதுவாகத் தடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதியவரின் மனைவியிடம் இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லியிருந்தோம். தனி ஆளாக அந்த அம்மாளால் அவரைப் புரட்டவே முடியவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. நீர்ப்படுக்கை ஒன்றும், இரவில் ஒரு முறை வந்து கைகொடுக்கப் பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவரும் ஏற்பாடான பிறகே புண் ஆறத் தொடங்கியது. அந்த வண்டியில் ஏறிவிட்டால் யார் கண்காணிப்பாளர், யார் கடைக்காரர் என்பது எவருக்கும் நினைவிருப்பதில்லை.

தமிழ்நாட்டிலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் வீடு தேடி வருகிறார்கள். தனியாக ஒன்றைத் தொடங்காமல், வட்டார மருத்துவ அலுவலரைப் பார்த்து, அவர்கள் போகும் வீடுகளுக்குத் துணையாகப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் எல்லோரையும் இதற்கு இழுக்காதீர்கள். என்னோடு பணியாற்றிய தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவரை அழைத்தபோது, போதுமான அளவு பார்த்துவிட்டேன், இனி நான் கோலப் போட்டிக்கும் கோயிலுக்கும்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நோயாளி வீட்டுக்கு வருகிறவர் உயர்ந்தவர், பாட்டுக் கேட்க வருகிறவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் வந்துவிட்டால், பழைய படிநிலை போய்ப் புதியது வந்துவிடும்.


தஞ்சைத் தலைமைச் செவிலியர் (ஓய்வு)

அனைவருக்கும் மிக்க நன்றி. ஊசிக்கு மறுப்பு, அகர வரிசை, உண்டியல் ஆகிய மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தனியார் மருத்துவமனைகளில் இருந்தவர்களை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரிந்த சிலரை நாளையே அழைக்கப் போகிறேன். நோயாளிகளின் வீட்டுக்குப் போவதை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் பிறகு வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் வெளியே போய் வருவதாகத் திட்டமிடுகிறேன். மார்கழிக் கடைசியிலோ தையிலோ திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வரும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஆண்களுக்கு மட்டுமே டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் அதைப் பார்க்கப் போக வேண்டும் என்று இப்போதே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

மருந்தாளுநர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பதிவு செய்யும்வரை உண்டியல் பணத்தை எங்கே வைப்பது? என் ஓய்வூதியக் கணக்கிலேயே போட்டு வைக்கலாமா?


பதில் 5: மருந்தாளுநர் (ஓய்வு), பாளையங்கோட்டை

வேண்டாம் சகோதரி. பொதுப் பணம் யாருடைய ஓய்வூதியக் கணக்கிலும் கலக்கக் கூடாது. நாளை உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அது எவருடைய பணம் என்று உங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது. தொகை சிறியதாக இருக்கும்வரை ரொக்கமாகவே வைத்திருந்து, அந்தந்த மாதமே செலவிட்டுவிடுங்கள். மீதம் சேரத் தொடங்கினால், இருவரும் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்க முடிகிற கூட்டுச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். அந்த இருவரில் ஒருவராவது பணிக்காலத்தில் அலுவலர் பதவியில் இருந்திராதவராக இருக்கட்டும். உண்டியலைத் திறக்கும்போது குறைந்தது மூவர் உடன் இருந்து எண்ணி, அங்கேயே நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.