புதுப்பிப்பு: முதுகலை படிக்கச் சேர்ந்துவிட்டேன்
பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்துவந்த கணக்கர் வேலையை விட்டுவிட்டு வரலாற்றில் முதுகலை படிக்கலாமா என்று சித்திரை மாதத்தில் இங்கே கேட்டிருந்தேன். தொலைநிலைக் கல்வியே போதும் என்று பலரும் அக்கறையோடு எழுதியிருந்தீர்கள்.

நான் நேரடி வகுப்பிலேயே சேர்ந்திருக்கிறேன். காரணம் மதுரைக்கு அருகே உள்ள கீழக்குயில்குடி. சிறுவயதில் அப்பாவுடன் அங்குள்ள சமணர் மலைக்குப் போகும்போதெல்லாம், மலைமேல் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழே வெட்டப்பட்டிருக்கும் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேனே தவிர, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வரிகள் என்ன சொல்கின்றன என்று அறிந்ததில்லை. 1882இல் கண்டறியப்பட்ட மதுரை அருகே மாங்குளத்தில் உள்ள, தமிழி என்னும் மிகப் பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டுகளில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் தெளிவாகப் படிக்கப்பட எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பதை நினைத்தால், கல்வெட்டு வாசிப்பு என்பது ஆசிரியர் பக்கத்தில் இருந்து மைப்படியை (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படியை) காட்டிக் கற்றுத்தர வேண்டிய கலை என்றே எனக்குப் படுகிறது. அஞ்சலில் வரும் பாடநூலை மட்டும் நம்பி அதில் இறங்க எனக்குத் துணிவில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: படிப்பு இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். மாலையில் கீழமாசி வீதியில் இரண்டு மளிகைக் கடைகளுக்குக் கணக்கு எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். மீதியைத் தன் சம்பளத்தில் பார்த்துக்கொள்வதாக என் மனைவி சொல்லிவிட்டார். அம்மாவுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவரையும் மலைக்கு அழைத்துப் போகிறேன்.