2017 ஜூனியர் உலகக் கோப்பையை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மேற்கு கேலரி

அலமாரியைக் குடையும்போது ஒரு பழைய டிக்கெட் கையில் சிக்கியது. 2017 அக்டோபர் 7, கொச்சி கலூர் ஸ்டேடியம். 17 வயதுக்குட்பட்டோருக்கான கால்பந்து உலகக் கோப்பை. 24 அணிகள், டெல்லி, நவி மும்பை, கோவா, கொச்சி, குவாஹாட்டி, கொல்கத்தா என்று ஆறு ஊர்கள். சென்னைக்கு ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் உண்டு. நேரில் போனவர்கள் இங்கே கண்டிப்பாக இருப்பீர்கள். ஸ்கோரைத் தேடினால் கிடைத்துவிடும், அது வேண்டாம். நீங்கள் பார்த்தது எது, பார்க்கத் தவறியது எது, அதைச் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். கோவையிலிருந்து நாலு பேர் ரயிலில் போனோம். கலூரில் கேலரிக்கு அடியிலேயே வரிசையாகக் கடைகள் இருக்கும். போட்டிக்காக அத்தனையையும் மூட வைத்திருந்தார்கள். ஒரு டீக்கு எவ்வளவோ தூரம் நடந்தோம். முதல் ஆட்டம் பிரேசில் – ஸ்பெயின். உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் மஞ்சள். பிரேசிலும் மஞ்சள், கொச்சியின் சொந்த கிளப்பான கேரளா பிளாஸ்டர்ஸும் மஞ்சள். பாதிப் பேர் பழைய பிளாஸ்டர்ஸ் ஜெர்சியை மாட்டிக்கொண்டு பிரேசில்காரர்கள் ஆகிவிட்டார்கள். செலவு மிச்சம்.

உண்மையில் நாங்கள் பிரேசிலின் வினிசியஸ் ஜூனியரைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டோம். அவருடைய கிளப் ஃபிளமெங்கோ அனுப்ப மறுத்துவிட்டது. சரி, வந்தவர்களைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால், ஐந்தாவது நிமிடமே பந்து பிரேசிலின் வெஸ்லி மேல் பட்டுச் சொந்த வலைக்குள் போனது. பக்கத்தில் இருந்த சேட்டன், தன் வீட்டுப் பையன் பரீட்சையில் கோட்டைவிட்டது மாதிரி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் லிங்கன் ஒன்று, பாதி முடியும் நேரத்தில் பவுலினியோ ஒன்று. ஸ்பெயினை 2-1 என்று முடித்தார்கள்.

ஆனால் என் கதை அதற்கு அடுத்த ஆட்டம். அதே டிக்கெட்டில் வட கொரியா – நைஜர். நைஜருக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை, அதில் முதல் ஆட்டம். பிரேசில் போனதும் கேலரி காலியாக ஆரம்பித்தது. நாங்கள் ஹாஃப் டைம் வரை இருந்தோம். 0-0. ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்று கிளம்பிவிட்டோம். இரண்டாம் பாதியில் நைஜர் ஒரு கோல் போட்டு ஜெயித்தது. ஒரு நாடு உலகக் கோப்பையில் தன் முதல் கோலைப் போட்ட நேரத்தில் நான் ஸ்டேஷனுக்கு எதிரில் புரோட்டா பார்சலுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ரயில் வேறு ஒன்றேகால் மணி நேரம் லேட்.

பழைய லெஃப்ட் பேக்

நான் அப்போது டெல்லியில் வேலையில் இருந்தேன். இந்தியாவின் மூன்று ஆட்டங்களும் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில்தான். மூன்றுக்கும் போனேன். அமெரிக்காவிடம் 0-3, கானாவிடம் 0-4. இந்த இரண்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நடுவில் அக்டோபர் 9, கொலம்பியா ஆட்டம். அதைப் பற்றி வீட்டில் நான் வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் பாதி முடிகிற நேரம் ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கம்பம் அதிர்ந்தது என் இருக்கை வரை தெரிந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கொலம்பியா ஒரு கோல். சரி, வழக்கம்போல்தான் என்று நினைத்தோம். பையன்கள் அப்படி நினைக்கவில்லை. கோல்கீப்பர் தீரஜ் எதிலெல்லாமோ பாய்ந்து கை வைத்துக்கொண்டிருந்தார்.

82-வது நிமிடம். கார்னர் எடுக்கப் போனது பெங்களூர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின். எனக்குப் பின்வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பம், அந்தப் பெயர் ஒன்றுக்காகவே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பந்து வளைந்து வந்தது. ஜீக்சன் சிங் எல்லோருக்கும் மேலே எழும்பி முட்டினார். 1-1. ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல்.

பக்கத்தில் ஒரு சர்தார்ஜி. ஆட்டம் முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டிப்பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடி அவர் தலைப்பாகை மடிப்பில் சிக்கிக்கொண்டது. அவர் குனிய, நான் இழுக்க, ஒரு வழியாக எடுத்துத் துடைத்து மாட்டினால் ஸ்டேடியம் பூராவும் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நிற்கிறது. என்ன ஆயிற்று என்றேன். சர்தார்ஜி இரண்டு விரலைக் காட்டினார். கொலம்பியா 2-1. பெனலோசா, 83-வது நிமிடம். அந்தக் கோலை இன்றுவரை நான் வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன்.

மாவட்ட லீகில் பத்து வருடம் லெஃப்ட் பேக் ஆடியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கோல் போட்ட கையோடு வரும் இரண்டு நிமிடம்தான் அணியின் கால் தரையில் பாவாத நேரம். அதில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு எல்லா இடத்திலும் அதற்காகத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. நானே அந்த நேரத்தில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தவன்தானே.

விசில்

அண்ணே, அருமை. டெல்லியில் வீயாவைப் பார்த்தீர்களா?

பழைய லெஃப்ட் பேக்

பார்த்தேன் தம்பி. அக்டோபர் 16, பராகுவேயை அமெரிக்கா 5-0 அடித்தது, டிம் வீயா ஹாட்ரிக். இந்தியா வெளியேறிய எரிச்சலில் அரை மனதாகத்தான் போயிருந்தேன். அப்பா ஜார்ஜ் வீயா அதே மாதம் லைபீரியாவில் அதிபர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த ஜனவரியில் அதிபராகவும் ஆனார். மகன் இங்கே டெல்லியில் கோல் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் ஜெயித்த குடும்பம்.

ஈரத்தரை

என்னுடையது பார்க்காத கதை. குவாஹாட்டியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் 21 அன்று மாலி – கானா காலிறுதிக்குப் போனோம். விடாத மழை. மைதானத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. நல்ல வேகமாகத் தரையோடு பாஸ் கொடுப்பார்கள். பந்து பாதி வழியில் குட்டையில் சிக்கி அப்படியே நின்றுவிடும். அதைத் துரத்தி வந்தவன் பந்தைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு போய், எழுந்து திரும்பி வருவான். அதற்குள் எதிரணிக்காரனும் அதேபோல் அந்தப் பக்கம் சறுக்கியிருப்பான். கேலரியில் சிரிப்பு. ஆடுபவர்களுக்கு அழுகை வந்திருக்கும். மாலி 2-1.

நாங்கள் சிரித்தது நான்கே நாளில் எங்கள் தலையிலேயே விடிந்தது. 25-ஆம் தேதி அரையிறுதி, பிரேசில் – இங்கிலாந்து, அதே மைதானம். எங்கள் ஹாஸ்டலில் ஒன்பது பேரிடம் டிக்கெட். இரண்டு நாள் முன்னால் அறிவிப்பு வந்தது: தரை ஆடுகிற நிலையில் இல்லை, ஆட்டம் கொல்கத்தாவுக்குப் போகிறது. டிக்கெட் பணம் திருப்பித் தரப்படும் என்றார்கள். பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹாஸ்டல் டிவி அறையில் ஜெர்சியோடு உட்கார்ந்து பார்த்தோம். இங்கிலாந்தின் பிரூஸ்டர் மூன்று கோல் போட்டார். வெளியே அன்று மழையும் இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

ஒரு டிக்கெட் இரண்டு ஆட்டம்

ஈரத்தரை தம்பி, மன்னிக்க வேண்டும். உங்கள் அரையிறுதியை கொல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஒரே நாளில் எங்கிருந்துதான் அவ்வளவு கூட்டம் வந்ததோ, அறுபதாயிரத்துக்கு மேல், பெரும்பாலும் பிரேசிலுக்காக. மேற்கு கேலரி நண்பரின் பக்கத்தில் தலையில் கை வைத்த சேட்டனுக்கு ஒரு செய்தி: அந்த வெஸ்லி இந்த முறை சரியான வலைக்குள் ஒன்று போட்டார். பலன் இல்லை, 3-1.

இறுதி ஆட்டத்துக்கும் போனேன், அக்டோபர் 28. அன்றும் ஒரு டிக்கெட்டில் இரண்டு ஆட்டம். முதலில் மூன்றாம் இடத்துக்கு பிரேசில் – மாலி. மாலி பையன்கள்தான் நன்றாக ஆடினார்கள். இரண்டாம் பாதியில் பிரேசிலின் ஆலன் ஒரு சாதாரண உதை உதைத்தார். கோல்கீப்பர் குனிந்தார், எடுத்துவிட்டார் என்றே நினைத்தோம். பந்து அவரிடமிருந்து நழுவி, அவசரமே இல்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டியது. அவர் திரும்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வயசு. கடைசியில் 0-2.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஸ்பெயின் 2-0 என்று முன்னால் போய், இங்கிலாந்து ஐந்து போட்டது. ஃபோடன் இரண்டு கோல், போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் 'ஃபோடனை நேரில் பார்த்தாயா' என்று வாயைப் பிளக்கிறார்கள். பார்த்தேன், ஆனால் அன்று அந்தப் பெயர் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஐந்தாவது கோல் விழும்போதுகூட அந்த மாலி கோல்கீப்பர் எங்கே உட்கார்ந்திருப்பார், பார்த்துக்கொண்டிருப்பாரா, பஸ்ஸில் போயிருப்பாரா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மணிக்கட்டு

நேரில் போகவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. சின்னப் பசங்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன். 'இவங்களைப் பார்த்தால் பதினேழு மாதிரியா இருக்கு' என்று எந்தப் போட்டி வந்தாலும் கேட்பார்கள். அந்த உலகக் கோப்பைக்கு 2000 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். காகிதத்தை மட்டும் நம்புவதில்லை. மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்து, எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுக்க மூடிவிட்டதா என்று பார்ப்பார்கள். மூடியிருந்தால் வயது தாண்டியதாகக் கணக்கு. என்னிடம் ஒரு பையன் வந்தான், மூன்று பிறப்புச் சான்றிதழோடு. எந்தப் போட்டிக்கு எது வேண்டும் என்று அவன் அப்பா என்னிடமே கேட்டார். எம்ஆர்ஐ சமாச்சாரத்தைச் சொன்னேன். அடுத்த வாரம் கிரிக்கெட்டில் சேர்த்துவிட்டார்.

விசில்

நானும் கொல்கத்தாதான், ஆனால் நான் பார்த்தது யாரும் கண்டுகொள்ளாத ஆட்டம். அக்டோபர் 14, ஜப்பான் – நியூ கலெடோனியா. மூன்று லட்சம் பேர்கூட இல்லாத பசிபிக் தீவு. முதல் ஆட்டத்தில் பிரான்ஸிடம் 1-7, அடுத்து ஹோண்டுராஸிடம் 0-5. வங்காள நண்பன் ஒருவன் ஓசி டிக்கெட் இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனான். ஜப்பான் சீக்கிரமே ஒரு கோல் போட்டது. போச்சு, இன்றைக்கும் ஏழுதான் என்று அவன் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான்.

ஏழு வரவில்லை, இரண்டே வரவில்லை. நேரம் ஆக ஆகக் கேலரி மொத்தமும் தீவுக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒருவன் பந்தை வெளியே உதைத்தால்கூடக் கைதட்டல். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு கார்னர், ஒரு முட்டல், 1-1. அப்படியே முடிந்தது. விசில் ஊதியதும் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குவிந்துவிட்டார்கள், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே ஓடி வந்தார்கள்.

நண்பன் போனிலிருந்து தலையைத் தூக்கி, 'ஜெயித்துவிட்டார்களா?' என்றான். இல்லை, டிரா. அடுத்த சுற்றுக்கும் போகவில்லை என்றேன். அவன் என்னை நம்பாமல் ஸ்கோர்போர்டைத் திரும்பிப் பார்த்தான்.