எவாலுவேஷன் வந்தாலே மெமரி தீர்ந்துபோகிறது, உதவுங்கள்

மதுரையில் எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், கடைசி செமஸ்டர். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்க, 24.4 கோடி பாராமீட்டர் உள்ள விஸ்பர் ஸ்மால் என்ற ஓப்பன்ஏஐ மாடலை ஃபைன்ட்யூன் செய்கிறேன், அதாவது தமிழ் டேட்டாவில் மேலும் பழக்குகிறேன். ஓட்டுவது கூகுளின் இலவச ஆன்லைன் நோட்புக்கான கோலாபில், டி4 ஜிபியூ. ட்ரெயினிங் 1000 ஸ்டெப் வரை ஜோராக ஓடுகிறது, லாஸும் (பிழை அளவு) இறங்குகிறது. டெஸ்ட் செட்டில் மாடலைச் சோதிக்கும் முதல் எவாலுவேஷன் பாதியில் 'குடா அவுட் ஆஃப் மெமரி', அதாவது ஜிபியூ மெமரி தீர்ந்தது என்ற எரர். மூன்று வாரமாக இதே கதை. நேற்று ராத்திரி 2 மணி வரை கண்கொட்டாமல் பார்த்தேன். 41 சதவீதத்தில் அதே சிவப்பு வரி.

பேட்ச் சைஸை (ஒரே நேரத்தில் எடுக்கும் ஆடியோ எண்ணிக்கை) 16-லிருந்து 4 ஆக்கினேன். மெமரியை மிச்சப்படுத்த எஃப்பி16 (16-பிட் எண்கள்) போட்டாச்சு, ட்ரெயினிங் மெமரியைக் குறைக்கும் கிரேடியன்ட் செக்பாயின்டிங்கும் ஆன். எவாலுவேஷனையே நிறுத்தினால் முழுசாக ஓடிவிடுகிறது. ஆனால் வேர்ட் எரர் ரேட் (சொற்பிழை விகிதம்) இல்லாமல் கைடு முகத்தில் எப்படி முழிப்பது? லேபில் இருப்பது 4 ஜிபி கார்டு, அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 12ஆம் தேதி செகண்ட் ரிவ்யூ.

டெஸ்ட் செட்டை வெட்டாமல், எவாலுவேஷனை டி4-க்குள் அடக்க எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?